நெலம் கேட்டு வர்ற கடுதாசி

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கி வச்சதுக்கு அப்புறம், எங்க பக்கம் நிலம் கேட்டுத் தபால் வர்றது கூடிப்போச்சு. முன்னெல்லாம் புரோக்கர் பைக்கில் வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோர் குடிச்சுட்டுத்தான் பேச்சை எடுப்பார். இப்போ அச்சடிச்ச கடுதாசி. நிலத்தை ஹெக்டேர் கணக்கில் சொல்லி, நல்ல விலை தர்றோம், உடனே கூப்பிடுங்கன்னு ஒரு செல்நம்பர். பெரும்பாலும் அது வெந்நீர் அடுப்புக்குத்தான் போகுது.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற டவுன்காரங்களில் நிலம் தேடுறவங்களும் இருப்பீங்க, அதனால சொல்றேன். தபால் போடுறது தப்பில்லைங்க. வாசலில் வந்து நிக்காம, யோசிக்க அவகாசம் குடுக்குற மரியாதையான வழி அது. எழுதுற விதம்தான் சரியில்லை.

பட்டாவை இணையத்தில் பார்த்துப் பேரை எடுக்கிறாங்க. அந்தப் பேர்ல இருக்கிற பெரியவர் செத்துப் பல வருசம் ஆகியிருக்கும். அவருக்கே 'வணக்கம் ஐயா' போட்டுக் கடுதாசி வந்தா வீட்டுல ஆத்தா என்ன நினைக்கும்? உசுரோட இருந்தாலும் அவர் ஒருத்தர் முடிவு பண்ற விசயமில்லை. பரம்பரைச் சொத்துல பொண்ணுங்களுக்கும் சம பங்குன்னு தமிழ்நாட்டில் 1989-லயே சட்டம் திருத்தியாச்சு (அப்போ கல்யாணம் ஆகாதவங்களுக்கு மட்டும்). 2005-ல் நாடு முழுக்க வந்தது. பெருமாநல்லூர்ல இருக்கிற அக்காவும் காங்கேயத்து தங்கச்சியும் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் கிரயம். 'ஏழு நாளைக்குள் சொல்லுங்க'ன்னு எழுதினா சிரிப்புத்தான் வரும். அதுவும் ஆடி மாசத்துல!

ஏக்கர், சென்ட்டுன்னு எழுதுங்க. 0.81 ஹெக்டேர்னா எங்களுக்கு ஒண்ணும் ஓடாது, ரெண்டு ஏக்கர்னா காடே கண்ணுக்குத் தெரியும்.

இதெல்லாம் சின்ன விசயம். கடுதாசியில இருக்க வேண்டியது வேற ஒண்ணு: வாங்கி என்ன செய்யப் போறீங்க? விலையைப் பெருசா போடுறவங்க இதை எழுதுறதே இல்லை. எங்க ஜில்லாவுல முதல் கேள்வியே அதுதாங்க. நொய்யல்ல 1992-ல் பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்குற குட்டையாப் போச்சு. கீழ இருக்கிற கிணறுகள் உப்பாகி, தென்னை கருகி, விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிடுச்சு. கழிவை வெளியே விடாம சுத்திகரிச்சாத்தான் திறக்கலாம்னு ஆச்சு. அதைப் பார்த்தவங்க நாங்க. ஒருத்தர் பூமியில ஊத்துறது அடுத்தவர் கிணத்துல வரும். நான் வித்துட்டுப் போயிடலாம், ஆனா பொழிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என் பங்காளி.

அதனால பனியன் கம்பெனி குடோனா, மனை போட்டு விக்கவா, தென்னை வச்சுக் குடியிருக்கவா, எதுவானாலும் ஒளிக்காம எழுதுங்க. சில கிணத்துல நாலு பேருக்குப் பங்கு இருக்கும், முறை வச்சுத் தண்ணி இறைப்பாங்க. காட்டு வழியா வண்டித்தடப் பாத்தியம் போகும். இதையெல்லாம் மதிச்சு நடந்துக்குவோம்னு ரெண்டு வரி சேர்த்துக்குங்க. கம்பி வேலியைப் போட்டுத் தடத்தை அடைச்சுட்டு, அப்புறம் பஞ்சாயத்துக்கு வர்றது இங்க சாதாரணமாப் போச்சு.

இருநூறு வீட்டுக்கு ஒரே கடுதாசி அனுப்புற காசுல, பிடிச்ச ஊர் ஒண்ணுல இருபது பேருக்குக் கையால எழுதலாம். போன தையில அப்படி ஒண்ணு வந்துச்சு, சென்னையில வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர் எழுதினது. ஒரு ஏக்கர் வேணும், முருங்கையும் தென்னையும் வைக்கணும், போர் போடுறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல கேட்டுக்கிறேன்னு இருந்தது. எங்களுக்கு விக்கிற எண்ணம் இல்லை. மேக்கால தோட்டத்து அண்ணனுக்குப் பையன் பெங்களூர்ல, பாக்க ஆளில்லை. கடுதாசியை அவர்கிட்ட குடுத்தேன். அன்னைக்கு ராத்திரியே அண்ணன் அந்த நம்பருக்குப் பேசிட்டார்.