கோப்பு பரவிவிட்டால் சட்டம் செத்துவிடுமா?

2013 மே மாதம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கோடி வில்சன் என்ற சட்ட மாணவர் ‘லிபரேட்டர்’ என்ற கைத்துப்பாக்கியின் வரைபடக் கோப்புகளை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் ஊசிக்குக் கடையில் வாங்கும் ஓர் ஆணி. சுடத் தேவையான மற்ற உறுப்புகள் 3டி பிரிண்டரில் எடுத்த பிளாஸ்டிக். இரண்டே நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் அவை பதிவிறக்கப்பட்டன. கோப்புகளை எடுத்துவிடும்படி அமெரிக்க வெளியுறவுத் துறை உத்தரவிட்டபோது அவை உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தன. அன்றிலிருந்து தொழில்நுட்ப வட்டாரங்களில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: கோப்பு வெளியே வந்துவிட்டது, இனித் துப்பாக்கிச் சட்டமெல்லாம் வெற்றுக் காகிதம். துப்பாக்கி ஆர்வலர்கள் இதைக் கொண்டாட்டமாகச் சொல்கிறார்கள். கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களிலும் பலர் பெருமூச்சோடு ஒப்புக்கொள்கிறார்கள். இது தவறான நம்பிக்கை. உயிர்களைக் காவு வாங்கக்கூடிய தவறு என்பதால் இதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், அந்தக் கோப்பு எதைத் தருகிறது என்று பார்ப்போம். தோட்டா வெடிக்கும் கணத்தில் குழலுக்குள் எழும் அழுத்தத்தைச் சாதாரண பிளாஸ்டிக் பல முறை தாங்காது. அதனால்தான் பின்னாளில் வந்த வடிவங்கள் இரும்புக் குழலுக்கும் ஸ்பிரிங்குக்கும் திரும்பின. 2020-இல் வெளியான எஃப்ஜிசி-9 என்ற வடிவம் கடையில் துப்பாக்கி உறுப்பே கிடைக்காத ஐரோப்பிய நாடுகளை மனத்தில் வைத்து உருவானது. குழாயின் உட்புறத்தை உப்புநீரும் மின்சாரமும் கொண்டு அரித்துக் குழலாக்கும் வேலை அதில் உண்டு. பொத்தானை அமுக்கி எடுத்துக்கொள்ளும் சங்கதி அல்ல அது. இத்தனையும் முடித்தாலும் தோட்டா வேண்டும். பித்தளை உறையையும் வெடிமருந்தையும் எந்த பிரிண்டரும் அச்சிட்டுத் தராது. தவிர, துப்பாக்கி செய்யும் முறை ரகசியம் என்ற நம்பிக்கையில் எந்த நாட்டுச் சட்டமும் எழுதப்படவில்லை. ஹார்ட்வேர் கடைச் சாமான்களைக் கொண்டே தானியங்கித் துப்பாக்கி செய்வது எப்படி என்று பிரிட்டனைச் சேர்ந்த பிலிப் லூட்டி 1990-களிலேயே புத்தகம் எழுதினார். பிரிட்டனின் துப்பாக்கிச் சட்டம் அதனால் சரிந்துவிடவில்லை.

அமெரிக்காவில் உண்மையில் பெருகியது எது? வரிசை எண் இல்லாத ‘கோஸ்ட் கன்’கள். 2021-இல் மட்டும் அப்படிச் சந்தேகிக்கப்பட்ட சுமார் 20,000 துப்பாக்கிகள் போலீஸிடம் சிக்கின. ஐந்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைப்போல் பத்து மடங்கு. இவற்றில் பெரும்பகுதி பிரிண்டரிலிருந்து வந்தவை அல்ல. பாதி முடித்த உறுப்புகள், துளையிடும் அச்சு, ட்ரில் முனை எல்லாம் ஒரே பெட்டியில் தபாலில் வந்த கிட்டுகள். அந்தப் பெட்டியை முன்பின் பார்த்தறியாத ஒருவர் சாதாரணக் கருவிகளைக் கொண்டு 21 நிமிடத்தில் துப்பாக்கியாக்கினார் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அதாவது பெருக்கத்துக்குக் காரணம் வணிகம். சட்டம் எட்டிப்பிடிக்கக்கூடிய வணிகம். 2022-இல் கூட்டரசு இந்தக் கிட்டுகளையும் துப்பாக்கியாகக் கருதும் விதியைக் கொண்டுவந்தது. அந்த விற்பனையில் முன்னணியில் இருந்த பாலிமர்80 நிறுவனம் 2024-இல் கடையை மூடியது. 2025 மார்ச்சில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. கோப்புகள் மட்டும் அன்றும் இன்றும் இணையத்தில் அப்படியேதான் கிடக்கின்றன.

குற்றவாளி சட்டத்தை மதிக்க மாட்டானே என்பார்கள். கலர் ஜெராக்ஸ் வந்தபோது கள்ளநோட்டு அடிப்பது யாருக்கும் கைக்கெட்டும் காரியமானது. அதற்காகக் கள்ளநோட்டுச் சட்டத்தை யாரும் கைவிடவில்லை. சட்டத்தின் வேலை ஒரு காரியத்தை அசாத்தியமாக்குவது அல்ல. அதைக் கடினமாக்குவது, தாமதப்படுத்துவது, அதில் இறங்குவோரின் எண்ணிக்கையைக் குறைப்பது. இந்தத் தாமதத்தின் மதிப்பை மறப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000 பேருக்கு மேல். அதில் பாதிக்கும் மேற்பட்டவை, சுமார் 27,000, தற்கொலைகள். மனம் உடைந்த அந்த இரவில் மேசை இழுப்பறையில் துப்பாக்கி இருப்பதும், பாகம் பாகமாக அச்சிட்டு, குழலைக் குடைந்து, தோட்டா தேடி அலைய வேண்டியிருப்பதும் ஒன்றா? அப்படி அலையும் நாட்களில் யாராவது கதவைத் தட்டலாம். வந்த எண்ணமும் கடந்து போய்விடலாம்.

வன்முறையிலும் இதே வேறுபாடுதான். 2019 அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே நகரில் யூதர்களின் யோம் கிப்பூர் நாளன்று ஒருவன் வழிபாட்டுக் கூடத்தைத் தாக்கினான். வீட்டில் செய்த ஆயுதங்களாலும் ஆட்களைக் கொல்ல முடியும் என்று நிரூபிப்பதும் அவன் நோக்கங்களில் ஒன்று. இரண்டு பேரைக் கொன்றான். அந்தக் கொடுமையை எந்த வாதமும் குறைக்காது. ஆனால் உள்ளே வழிபாட்டில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். பூட்டிய கதவு ஒரு காரணம். அவனுடைய துப்பாக்கிகள் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொண்டதால் வெளியேயும் உயிர்கள் தப்பின. 2022-இல் ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே குழாய்களால் செய்த துப்பாக்கிக்குப் பலியானதைச் சுட்டிக்காட்டி, அங்கேயும் சட்டம் தோற்றுவிட்டது என்கிறார்கள். பன்னிரண்டு கோடிப் பேர் வாழும் அந்த நாட்டில் ஓர் ஆண்டில் துப்பாக்கிக்குப் பலியாவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். தோற்ற சட்டத்தின் கணக்கா இது?

வலுவான மறுப்பு கருத்துரிமையிலிருந்து வருகிறது. 1991-இல் பில் சிம்மர்மன் பிஜிபி என்ற மறையாக்க மென்பொருளை வெளியிட்டபின், அவர்மீது ஆயுத ஏற்றுமதி விதிகளைக் காட்டி விசாரணை நடந்தது. 1996-இல் அது கைவிடப்பட்டது. நிரல் என்பது பேச்சு, அதை அரசு தடுக்கக் கூடாது என்ற கொள்கையை நானும் ஏற்கிறேன். கோப்பையும் பேச்சாகவே வைத்துக்கொள்வோம். பிஜிபியை இறக்கிக்கொண்டவருக்கு அந்த நொடியே அந்தரங்கம் கிடைத்துவிட்டது. துப்பாக்கிக் கோப்பை இறக்கியவர் கையில் ஒரு படம்தான் இருக்கிறது. அதை இரும்பாக்குவதும், வைத்திருப்பதும், விற்பதும் செயல்கள். பேச்சுரிமை அந்தச் செயல்களுக்குக் கவசமாகாது. திறமூல மென்பொருள் உரிமத்தையும் துணைக்கு இழுப்பார்கள். அந்த உரிமங்கள் எந்தத் துறைப் பயன்பாட்டையும் விலக்கக் கூடாது என்பது உண்மையே. ஆனால் உரிமம் என்பது எழுதியவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையிலான ஒப்பந்தம். நாட்டின் சட்டத்திலிருந்து விலக்குத் தரும் சீட்டாக அதைக் காட்டுவது, எல்லோரும் கற்கவும் பகிரவும் உழைத்தவர்களின் பெயரைக் கடத்திச் செல்வதாகும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டபின், 3டி பிரிண்டர் தயாரிக்கும் மேக்கர்பாட் நிறுவனம் கோப்புகளைப் பகிரும் தன் திங்கிவர்ஸ் தளத்திலிருந்து துப்பாக்கி உறுப்புகளின் கோப்புகளை நீக்கியது. திறந்த பகிர்வு அதனால் நலிந்துவிடவில்லை.

மியன்மாரைச் சொல்வார்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் அங்கே எதிர்த்துப் போராடிய இளைஞர்கள் எஃப்ஜிசி-9-ஐ ஏந்தியது நிஜம். அவர்களின் துணிச்சல்மீது எனக்கு மரியாதை உண்டு. ராணுவத்திடமிருந்து உண்மையான துப்பாக்கிகளைப் பறிக்க முடிந்தபோது அவர்கள் அவற்றுக்கு மாறினார்கள். வேறு எந்த வழியும் இல்லாதவர்களின் இடைக்கால ஆயுதம் அது. மக்கள்தொகையைவிட அதிகத் துப்பாக்கிகள் உள்ள அமெரிக்காவுக்கு அந்த உதாரணத்தைப் பொருத்த முடியாது. அங்கே கூட்டரசுச் சட்டப்படி தோட்டா வாங்க வருபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டிய கட்டாயம் இன்றும் கிடையாது. குழல் தனி உறுப்பாக, எந்தக் கேள்வியுமின்றிப் பல மாநிலங்களில் விற்பனையாகிறது. பிரிண்டரால் உருப்படியாகச் செய்ய முடியாத இந்த இரண்டு பொருள்களுக்கும் விதி எழுத, ஒரு கோப்பைக்கூட யாரும் அழிக்க வேண்டியதில்லை.