திரும்பிய இடத்துக்கும் ஒரு பெயர்



சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வருகின்ற உறவினர்கள் கொண்டுவரும் முக்கோண வடிவச் சொக்லேற்றை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். பிள்ளைகள் உறையைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். அந்த ரொப்லரோன் உறையில் பல ஆண்டுகளாக ஒரு மலையின் படம் இருந்தது. தயாரிப்பின் ஒரு பகுதியை வேறு நாட்டுக்குக் கொண்டு சென்றதால், 2023இல் அந்தப் படத்தை நீக்கிவிட்டுப் பொதுவான ஒரு மலையைப் போட்டார்கள். நீக்கப்பட்ட மலையின் பெயர் மற்றர்ஹோர்ன். உயரம் 4,478 மீற்றர். எமது பீதுறுதாலகாலை மலையைப் போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு.

இம்மாதம் அந்த மலையின் அடிவாரத்திலுள்ள பள்ளத்தாக்கைப் பற்றி எழுதுகிறேன். "காணிக்கும் கடனுக்கும் அலைகின்ற எங்களுக்கு மலையேற்றக் கதை எதற்கு?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எவரையும் மலையேறச் சொல்வது என் நோக்கமல்ல. கடினமான நிலத்தில் எப்படி நடப்பது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பவற்றை அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்று வைத்திருக்கிறார்கள். அதில் எமக்கும் எடுத்துக்கொள்ளச் சில விடயங்கள் உண்டு.

சுவிற்சர்லாந்தின் தெற்கே வலிஸ் மாநிலத்தில் விஸ்ப் என்னும் சிறு நகரம் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரம் பள்ளத்தாக்கின் வழியே மேலே சென்றால், 1,600 மீற்றர் உயரத்திலுள்ள சேர்மற் கிராமத்தை அடையலாம். இந்த வழியில் 1891இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பெற்றோல் கார்கள் சேர்மற்றுக்குள் செல்ல முடியாது. பெரும்பாலோர் முந்திய ஊரிலேயே நிறுத்திவிட்டு ரயிலில் போகிறார்கள். பள்ளத்தாக்கின் இருபுறமும் 4,000 மீற்றருக்கு மேற்பட்ட மலைகள் சுவர் போல நிற்கின்றன. அவற்றில் ஒன்றான டோம் 4,545 மீற்றர்.

இத்தகைய இடத்தில் மனிதர் எப்படி நடக்கிறார்கள்? அங்குள்ள பாதைகள் மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மஞ்சள் அடையாளம் இட்டவை சாதாரண நடைபாதைகள். வயதானவர்களும் பிள்ளைகளும் போகலாம். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பாறையில் கோடு இட்டவை மலைப்பாதைகள். சில இடங்களில் ஒடுங்கியும் செங்குத்தாகவும் இருக்கும். உறுதியான சப்பாத்தும், உயரத்தில் தலைசுற்றாத உடலும் தேவை. வெள்ளை, நீலம், வெள்ளை என்றால், பாறையும் பனிக்கட்டியும் கடக்க வேண்டிய உயர்மலைப் பாதை. அனுபவம் இல்லாதவர் அதில் கால் வைப்பதில்லை.

எமது ஊர்களில் சிவப்பு நிறம் பூசிய தடியும் மண்டையோட்டுப் பலகையும் "போகாதே, மிதிவெடி" என்று மட்டுமே சொல்லின. அங்கே பாறையிலுள்ள சிவப்புக் கோடு, "பாதை இதுதான், கவனமாக வா" என்கிறது. இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். வழிகாட்டிப் பலகைகளில் பெரும்பாலும் எத்தனை கிலோமீற்றர் என்று எழுதியிருக்காது. எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்றே எழுதியிருக்கும். இளைப்பாறும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. எங்கே உட்காருவது, எவ்வளவு நேரம் உட்காருவது என்பது நடப்பவரின் முடிவு.

நாடு முழுவதும் ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர் நீளமான இத்தகைய பாதைகள் உள்ளன. இவை தாமாக உருவானவையல்ல. வீதிகளும் வாகனங்களும் பெருகி நடைபாதைகள் அழியத் தொடங்கியபோது மக்கள் குரல் எழுப்பினார்கள். 1979இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நடைபாதைகள் பற்றிய ஏற்பாடு நாட்டின் அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. அதன் கீழ் 1985இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பாதைகளைத் திட்டமிட வேண்டும், பராமரிக்க வேண்டும், ஒரு பாதையை மூட நேர்ந்தால் தகுந்த மாற்றுப் பாதை கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

மாற்றுப் பாதை என்பது அங்கே வெறும் பேச்சல்ல. 1991 ஏப்ரலிலும் மே மாதத்திலும் இதே பள்ளத்தாக்கின் ரண்டா என்னும் ஊருக்கருகே ஒரு மலைச்சரிவு இடிந்து விழுந்தது. ஏறத்தாழ மூன்று கோடி கன மீற்றர் பாறை. ரயில்பாதையும் வீதியும் புதைந்தன, ஆறு மறிக்கப்பட்டது. நல்லகாலமாக மனித உயிர் எதுவும் போகவில்லை. இதே ரண்டாவுக்கு மேலே, கிரேஹன் என்னும் ஊரிலிருந்து சேர்மற் வரை 'ஐரோப்பா வழி' என்றொரு பாதை போகிறது. இரண்டு நாள் நடை. அதில் 2010இல் கட்டிய தொங்குபாலம் கல் விழுந்து சேதமாகி மூடப்பட்டது. பல ஆண்டுகள் மக்கள் கீழே இறங்கிச் சுற்றிப் போனார்கள். 2017இல் 494 மீற்றர் நீளமான புதிய தொங்குபாலம் திறக்கப்பட்டது. அதன் அகலம் 65 சென்ரிமீற்றர்தான். ஒருவர் பின் ஒருவராகவே நடக்க வேண்டும். ஆனாலும் பாதை திரும்பக் கிடைத்தது.

இனி அந்த மலைக்கு வருவோம். 1865 ஜூலை 14ஆம் திகதி எட்வேட் விம்பர் என்ற ஆங்கிலேயரின் குழு முதன்முதலாக மற்றர்ஹோர்ன் உச்சியை அடைந்தது. சென்றவர்கள் ஏழு பேர். இறங்கும்போது அனுபவம் குறைந்த ஒருவர் வழுக்கினார், கயிறு அறுந்தது, நால்வர் விழுந்து இறந்தனர். அந்த அறுந்த கயிற்றை இன்றும் சேர்மற் அருங்காட்சியகத்தில் காணலாம். ஏறுவதைவிட இறங்குவதற்கே கூடுதல் பலத்தை மிச்சம் வைக்க வேண்டும் என்பதை மலைவாசிகள் அந்த நாளிலிருந்து மறக்கவில்லை. இன்று வழிகாட்டியோடு செல்பவர்கள் விடியுமுன் புறப்படுகிறார்கள். ஒருவர் குறித்த இடத்தைக் குறித்த நேரத்துக்குள் அடையாவிட்டால், வழிகாட்டி அவரைத் திருப்பி அழைத்து வந்துவிடுவார். பணம் கட்டியிருந்தாலும் கெஞ்சினாலும் அந்த முடிவு மாறாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1867இல், மலையின் இத்தாலியப் பக்கத்தில் பெலிசிற்றே கரேல் என்ற இளம்பெண் ஏறினார். அவர் மலை வழிகாட்டிகளின் குடும்பத்தைச் சேர்ந்த கிராமத்துப் பெண். உச்சிக்கு ஏறத்தாழ 100 மீற்றர் கீழே வரை போய்விட்டார். காற்று அவருடைய நீண்ட பாவாடையை ஊதித் தூக்கியதால் மேலே செல்ல முடியாமற்போனது என்று சொல்வார்கள். அவர் திரும்பினார். இன்று அந்த இடத்தின் பெயர் 'பெலிசிற்றே கணவாய்'. உச்சியை அடைந்த எத்தனையோ ஆண்களின் பெயர் அந்த மலையில் எங்கும் இல்லை. திரும்பி வந்த பெண்ணின் பெயர் வரைபடத்தில் இருக்கிறது.

1871 ஜூலையில் லூசி வோக்கர் என்ற ஆங்கிலேயப் பெண் உச்சியை அடைந்தார். மூட்டுவலிக்கு நடைப்பயிற்சி நல்லது என்று வைத்தியர் சொன்னதால் நடக்கத் தொடங்கியவர் என்று கூறப்படுகிறது. அவர் வசதியான குடும்பத்துப் பெண். தந்தையும் தேர்ந்த வழிகாட்டியும் உடன் சென்றனர். அவ்வளவு இருந்தும் அவருடைய நாட்டு மலையேறுநர் கழகம் பெண்களைச் சேர்க்கவில்லை. 1907இல்தான் லண்டனில் பெண்கள் தமக்கென ஒரு கழகம் அமைத்தனர். பின்னாளில் லூசி அதன் தலைவியானார். அதே 1907இல் சுவிஸ் கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. சுவிஸ் பெண்கள் 1918இல் தனிக் கழகம் தொடங்கினர். இரண்டும் ஒன்றாக இணைந்தது 1980இல். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை சுவிஸ் பெண்களுக்கு 1971இல் கிடைத்தது. லூசி உச்சியில் நின்று சரியாக நூறு ஆண்டுகளின் பின்னர்.

மலை எந்தப் பெண்ணையும் தடுக்கவில்லை. காற்றும் பனியும் எல்லோருக்கும் ஒன்றுதான். உடையையும் வழக்கத்தையும் கழக விதியையும் வைத்துத் தடுத்தது சமூகம். சமூகவியலில் இதைக் கட்டமைப்பு என்பார்கள். இயற்கை போலத் தோன்றும், ஆனால் மனிதர் கட்டியது. மனிதர் கட்டியதை மனிதர் மாற்றலாம்.

எமது குழுக்கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு சொல் உண்டு. "அவ எழும்பீட்டா, என்னாலதான் முடியேல்ல." ஒருவர் கோழி வளர்த்து முன்னேறியிருப்பார், இன்னொருவர் தையல் மெசினை விற்று நுண்கடன் கட்டியிருப்பார். ஒருவர் காணாமற்போன மகனுக்காக ஒவ்வொரு போராட்டத்துக்கும் போவார். இன்னொருவரால் அந்தப் படத்தைக் கையில் எடுக்கவே முடியாது. இவர்களை ஒரே தராசில் நிறுப்பது நியாயமா? ஒருவர் நடப்பது மஞ்சள் பாதை, மற்றவர் நடப்பது நீலப் பாதை. நீலப் பாதையில் பத்து அடி வைப்பதும் பெரிய நடைதான். முடியாத இடத்தில் திரும்பி வந்தவர் தோற்றவர் அல்லர். நாளைக்கு நடக்க உயிரையும் பலத்தையும் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்.

அதேவேளை, பாதை இல்லாத இடத்தில் "துணிவாக நட" என்று பெண்ணிடம் மட்டும் சொல்வதும் சரியல்ல. காணிக்குப் போகும் ஒழுங்கை மூடப்பட்டிருந்தால், அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்காக ஐந்து தரம் அலைய வைத்தால், அது அவளுடைய துணிவின் குறைபாடா? பாதை போடுவதும் பராமரிப்பதும் பொறுப்பிலுள்ளவர்களின் கடமை. ஒன்றை மூடினால் மற்றொன்றைத் தா என்று கேட்பது பிச்சையல்ல.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு கடதாசியை எடுத்து உங்கள் ஊர்ப் பாதைகளை வரையுங்கள். கிணற்றுக்கு, வயலுக்கு, கடற்கரைக்கு, பாடசாலைக்கு, ஆஸ்பத்திரிக்கு. எது மஞ்சள், எது சிவப்பு, எது நீலம் என்று நிறம் தீட்டுங்கள். இருட்டியபின் பெண்கள் தனியே போக முடியாதவை எவை, மழைக்கு மூடிப்போகின்றவை எவை என்றும் குறியுங்கள். அந்தக் கடதாசியோடு கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் குழுவாகச் சென்று சந்தியுங்கள். ஒரு தரத்தில் முடியாவிட்டால் திரும்பி வாருங்கள். எந்த இடம்வரை போனீர்கள் என்பதைச் சங்கப் புத்தகத்தில் பெயரோடு எழுதி வையுங்கள். அடுத்த தடவை அங்கிருந்து தொடங்கலாம்.