திதி சொல்லும் கடல்

மாசி மாதத்தில் பௌர்ணமியை ஒட்டி மக நட்சத்திரம் கூடும் நன்னாளில் மயிலைக் கபாலீசுவரரும் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதிப் பெருமாளும் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருள்கின்றனர். கோடம்பாக்கம், வடபழனி, மாம்பலம் ஆகிய பகுதிகளிலிருந்தும் அன்பர்கள் குடும்பத்துடன் சென்று நீராடுகின்றனர். மயிலையின் மாசிக் கடலாட்டைத் திருஞானசம்பந்தர் தமது பூம்பாவைப் பதிகத்தில் குறிப்பிட்டுள்ளார். ஆதலின் இவ்வழக்கம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பது தெளிவு.

மாசி மகமானாலும், ஆடி, தை அமாவாசைகளானாலும், கடலாடச் செல்லும் நாள்களில் கடல் வழக்கத்தினும் உயர்ந்து நிற்பதை முதியோர் பலர் கண்டிருப்பர். அதன் காரணம் வானில் உள்ளது.

சந்திரனின் ஈர்ப்பு, தன்னை நோக்கியுள்ள பக்கத்துக் கடலைப் பூமியின் மையத்தைவிடச் சற்று மிகுதியாக இழுக்கிறது. மறுபக்கத்துக் கடலைச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. ஆகவே நீர் இரு பக்கங்களிலும் உயர்கிறது. பூமி சுழல்வதால் ஒரே கரையில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை கடல் ஏறி வற்றுகிறது. சந்திரனும் நாள்தோறும் முன்னேறிச் செல்வதால், ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாகிறது.

சூரியனும் கடலை இழுக்கிறான். ஆயினும் மிகத் தொலைவில் இருப்பதால், அவனால் விளையும் ஏற்றம் சந்திரனால் விளைவதில் பாதிக்கும் சற்றுக் குறைவே. அமாவாசையில் இருவரும் ஒரே திசையில் நின்று இழுக்கின்றனர். பௌர்ணமியில் எதிரெதிரே நின்றால் ஒருவர் இழுப்பை மற்றவர் குறைத்துவிடமாட்டாரா என்ற ஐயம் எழலாம். ஒவ்வொருவர் இழுப்பாலும் நீர் இரு பக்கமும் உயர்வதால், எதிரெதிரே நின்றாலும் அவை கூடவே செய்யும்.

இங்கே பஞ்சாங்கத்தின் நுட்பம் விளங்குகிறது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணம். 12 பாகைக்கு ஒரு திதி. அஷ்டமியின் நடுவில் அக்கோணம் சரியாக 90 பாகை. அப்போது இருவர் இழுப்பும் ஒன்றையொன்று குறைக்கும். சென்னைத் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமிக் காலத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒரு மீட்டர். அஷ்டமியை ஒட்டி அது சுமார் 40 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. குஜராத்தின் பாவ்நகர்க் கரையிலோ, வளைகுடாவின் குறுகிய அமைப்பால் நீர் பத்து மீட்டர் வரையிலும் உயர்வதுண்டு.

திதியைத் துல்லியமாகக் கணிக்க முயன்ற பெரியோர் கோடம்பாக்கத்தின் அண்டைப் பகுதியிலேயே வாழ்ந்து பணியாற்றினர். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். கண்ணால் காணும் வான்நிலைக்கு ஏற்பப் பஞ்சாங்கம் திருத்தப்படவேண்டும் என்று பாடுபட்டவரும் அவரே.

பருவங்கள் சூரியனின் அருளால் அமைகின்றன. சூரியன் அருகில் வருவதால் கோடை வருகிறது என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் பூமி சூரியனை மிக நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில், மார்கழிக் குளிரிலேதான்! பூமியின் அச்சு சுமார் 23½ பாகை சாய்ந்திருப்பதே பருவமாற்றத்துக்குக் காரணம். சென்னையில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது ஆண்டுக்கு இருமுறை: ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மாதத்தின் நடுப்பகுதியை ஒட்டியும்.

2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள். ஆழிப்பேரலையை நிலவுடன் இணைத்துப் பேசியோர் அன்று பலர். கடலடி நிலநடுக்கமே அதன் காரணம். நிலவின் பங்கு அன்றாட ஏற்றவற்றம் மட்டுமே. அவ்வாறே, நீராடுவோரை வீழ்த்துவதும் பெரும்பாலும் ஒரு மீட்டர் ஏற்றமன்று. காற்று எழுப்பும் அலையும், காலடி மணலை அரித்து உள்ளே இழுக்கும் நீரோட்டமுமே. ஏற்றம் மிகுந்த நாளில் அவ்வலை கரையில் இன்னும் மேலே ஏறிவரும், அவ்வளவே. மிகப் பெரிய ஏற்றம் பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து வருவதும் உண்டு.

ஆதலின் மூத்தோர் கணுக்கால் அளவு நீரில் நின்று, பிறர் கைப்பற்றி, செம்பில் நீர் முகந்து தலையில் தெளித்துக்கொள்வது நலம். பேரப்பிள்ளைகளையும் அந்த எல்லைக்கு அப்பால் விடலாகாது. கடலின் ஒரு துளி தலையில் பட்டாலும் தீர்த்தமாடியதாகவே கொள்வர் நம் பெரியோர்.