ஸ்பேனர் பிடிக்கிற கை துடைப்பம் பிடிக்காதா?

ஜி.டி.நாயுடுவின் மோட்டார் சைக்கிள் கதையைக் கேட்காமல் ஒரு பாலிடெக்னிக் மாணவன் படிப்பை முடிக்க முடியாது. 1893-ல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கிப் போனார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்தார், காசு சேர்த்தார், வண்டியை வாங்கினார். வாங்கி ஓட்டிக்கொண்டு போனாரா? இல்லை. அக்கக்காகப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டினார். அந்த ஆள்தான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி ரோட்டில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

இந்தக் கதையை ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா சொல்கிறார்கள். கை தட்டுகிறார்கள். ஆனால் கதையின் மறுபாதியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். இதே நாயுடு பருத்திச் செடியோடும் பப்பாளி மரத்தோடும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர். இன்ஜினைப் பிரித்த அதே கை மண்ணையும் கிளறியது. அவருக்கு இரண்டும் ஒரே வேலை. "இது எப்படி வேலை செய்கிறது, இதை இன்னும் நன்றாக வைத்துக்கொள்ள முடியுமா?" என்ற ஒரே கேள்வி. இன்றைய பையன்களுக்கோ மோட்டார் சைக்கிள் வேண்டும், பப்பாளி வேண்டாம். இந்தக் கட்டுரை அந்தப் பப்பாளியைப் பற்றியது!

ஞாயிற்றுக்கிழமை காலை

அரக்கோணத்தில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். வாசலில் சைடு ஸ்டாண்டு போட்டு ஒரு வண்டி நிற்கும். பக்கத்தில் ஒரு பக்கெட், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், கிழிந்த பனியன் துணி. ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செயினைத் துடைத்துக்கொண்டிருப்பான். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "என்னப்பா, சர்வீஸா?" என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அதே நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் அம்மா குனிந்து கூட்டிக்கொண்டிருப்பார். வேப்ப இலை, தென்னை மட்டை, போன வாரம் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய டயர். "டேய், இந்த மட்டையைக் கொஞ்சம் இழுத்துப் போடுடா" என்று ஒரு குரல் வரும். "போம்மா, கையெல்லாம் கிரீஸ்" என்று பதில் போகும். தென்னை மட்டைக்கு கிரீஸ் ஆகாதாம்!

நின்று விசாரிக்கிறவர்களில் ஒருவராவது பின்பக்கம் போய், "என்னம்மா, சர்வீஸா?" என்று கேட்டதுண்டா? கேட்க மாட்டார்கள். வாசலில் நடந்தால் அது தொழில்நுட்பம். கொல்லையில் நடந்தால் அது வெறும் வேலை. இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது?

பராமரிப்பால் பிழைக்கும் ஊர்

இத்தனைக்கும் இது பராமரிப்பை வைத்தே பிழைக்கிற ஊர். 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய பாதையில் இருப்பது அரக்கோணம். இங்கே ரயில்வேயின் இன்ஜினியரிங் ஒர்க்‌ஷாப் இருக்கிறது, மின்சார இன்ஜின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட் இருக்கிறது. 1992-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளம் இருக்கிறது. இச்சிப்புத்தூரில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. விடியற்காலை சென்னைக்குப் போகிற மின்சார ரயில் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது என்றால், வெயிலில் தண்டவாளம் ஓரமாக நடந்து நட்டு போல்ட்டைப் பார்க்கிற கேங்மேன் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று அர்த்தம். அவர் பார்ப்பது போல்ட்டை மட்டுமா? ஜல்லிக்கு நடுவே முளைத்த புல், கால்வாயில் அடைத்த மண், தண்ணீர் தேங்குகிற இடம் எல்லாமே அவர் கணக்கில் உண்டு. இரும்பு ஒரு சாதி, மண் ஒரு சாதி என்று அவர் பிரித்துப் பார்த்தால் ரயில் கவிழ்ந்துவிடும்.

வண்டியையும் கொல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்தால் இன்ஜினுக்குக் காற்று போதாது, இழுவை குறையும், மைலேஜ் விழும். மழைநீர் சேகரிப்புக் குழியில் மண் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, தெருவுக்கு ஓடும், கோடையில் போர் வற்றும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: திற, எடு, சுத்தம் செய், திரும்ப வை. 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அவசர அவசரமாக வீட்டுக்கு வீடு குழி தோண்டினார்கள். அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் அந்தக் குழியின் மூடியைத் திறந்து மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவியிருக்கிறார்கள்? மாதம் ஒரு முறை ஏர் ஃபில்டரைத் தட்டுகிற பையன் இருக்கிற வீட்டிலேயே அந்த மூடி துருப்பிடித்துக் கிடக்கிறது.

அந்தப் பழைய டயருக்கு வரலாம். அது வண்டியில் இருந்தவரை ராஜ மரியாதை. வாரம் தவறாமல் காற்றழுத்தம் பார்த்தார்கள். கழற்றிக் கொல்லையில் வீசியதும் அது யாருடைய பொறுப்பும் இல்லை. அதில் மழைத் தண்ணீர் தேங்குகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. டயர், தேங்காய் ஓடு, உடைந்த தொட்டி போன்றவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒன்றரை வாரம் போதும். அதாவது வாரம் ஒரு முறை கொல்லையைச் சுற்றி வந்து தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் அதன் கதை முடிந்தது. செயினுக்கு எண்ணெய் விடுவதைவிடக் குறைந்த நேரம். ஆனால் அதை யாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட மாட்டார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

"எல்லா வீட்டிலும் அப்படியா?" என்று சிலருக்குக் கோபம் வரும். மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவழிப்பது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இது வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு மட்டுமான சராசரி. அப்படிச் செய்கிறவர்கள் நூற்றுக்கு 27 பேர்தான்! மீதி 73 பேர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. இது 6 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் சேர்த்த கணக்கு. எனவே "நான் படிக்கிற பையன்" என்கிற சாக்கும் இங்கே எடுபடாது. படிக்கிற பெண்ணும் அதே கணக்கில்தான் இருக்கிறாள். அவள் கையில் துடைப்பம் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் பக்கம் இன்னொரு அநியாயமும் உண்டு. அவளுக்கு ஸ்கூட்டி வாங்கிக் கொடுப்பார்கள். ஸ்பேனர் கொடுக்க மாட்டார்கள். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அண்ணன் எழுந்து வரும்வரை அவள் காத்திருக்க வேண்டும். பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க மீசை தேவையில்லை. ஆனால் அதைத் தொட்டால், "உனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்பார்கள். அவனிடமிருந்து துடைப்பத்தைப் பிடுங்கினார்கள், அவளிடமிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினார்கள். இரண்டு பேரும் அரைகுறையாக வளர்கிறார்கள்.

இதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத அடுக்கு. வீட்டுக்காரர் செய்யாத வேலை, வீட்டுக்காரம்மாவும் செய்ய விரும்பாத வேலை யாரிடம் போகிறது? கொல்லையைச் சுத்தம் செய்ய, அடைத்த சாக்கடையைக் குத்திவிட, செத்த எலியை எடுத்துப் போட ஒரு ஆள் வருவார். பின்வாசல் வழியாக வருவார். வயதில் மூத்தவராக இருந்தாலும் பெயர் சொல்லியோ "வாடா போடா" என்றோ கூப்பிடுவார்கள். சாதி என்பது வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். "மண்ணு வேலை நமக்கு எதுக்கு?" என்று ஒரு மாணவன் சாதாரணமாகச் சொல்லும்போது அந்த அடுக்குதான் பேசுகிறது. அவனுக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரியாது என்பதால் அது நல்லதாகிவிடாது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லா வேலையையும் கையால் செய்யத்தான் வேண்டும் என்பது வாதம் அல்ல. செப்டிக் டேங்கில் எந்த மனிதனும் இறங்கக் கூடாது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அங்கே இயந்திரம் வரட்டும். மற்றவை வீட்டில் உள்ளவர்களின் கைக்கு எட்டுகிற வேலைகள்தான்.

கறுப்பு எண்ணெய்

வண்டி வேலையையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? ஆயில் மாற்றுகிற பையனைக் கவனியுங்கள். டிரெயின் போல்ட்டைக் கழற்றுவான், கறுப்பு எண்ணெய் வடியும், புது ஆயிலை அளந்து ஊற்றுவான். பழைய ஆயில்? வேலி ஓரம். சில சமயம் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி.

இது நடப்பது எந்த மண்ணில் என்று யோசிக்க வேண்டாமா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் பதனிடும் கழிவு கிணற்று நீரை என்ன செய்தது என்பதைப் பார்த்து வளர்ந்த பகுதி இது. வேலூர் மக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவனே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. தொழிற்சாலையைத் திட்டுவது சுலபம். வேலி ஓரத்தில் ஆயில் ஊற்றுகிறவனும் அதே வேலையைச் சின்ன அளவில்தான் செய்கிறான். பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. ஒரு காலி கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்த்துக் கொடுக்கிற மெக்கானிக் கடையில் கொடுத்தால் முடிந்தது. வண்டியை மட்டும் பார்த்துக் கொல்லையைப் பார்க்காதவனுக்கு இது தோன்றாது.

பிறகு சைலன்சர் வீரர்கள். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தெருவே அதிர ஒன்றை மாட்டுவதற்கு 'டிங்கரிங்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். விதிகளை மீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூக்கத்திலிருந்து அலறி எழுகிறதே, அது பொறியியலா? செயின் எவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பதைக் கேட்டால் இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வழக்கமான மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: "இப்போ வர்ற வண்டியில் கையே வைக்க முடியாது." 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபிறகு கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது உண்மை. ஆனால் செயின் அதே செயின்தான். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், ஏர் ஃபில்டர், டயர் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. கம்பெனிகள் உதிரி பாகத்தையும் பழுது பார்க்கும் விவரத்தையும் பூட்டி வைப்பது தனிச் சண்டை. 2014-ல் 14 கார் கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் இதற்காகத்தான் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2022-ல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. அந்த உரிமையைக் கேட்க வேண்டியதுதான். கேட்கிறவன் சீட்டுக்கு அடியில் இருக்கிற கையேட்டையாவது ஒரு முறை பிரித்துப் படித்திருக்க வேண்டும்.

இரண்டாவது: "எல்லாரும் தானே செய்துகொண்டால் மெக்கானிக் பிழைப்பு என்ன ஆகும்?" திடீரென்று மெக்கானிக் மீது பாசம்! அவரிடமே ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள்தான் இதைச் சொல்வார்கள். செயினுக்கு எண்ணெய் விடுவதால் மெக்கானிக் பட்டினி கிடக்க மாட்டார். இன்ஜின் வேலைக்கு அவரிடம்தான் போக வேண்டும். ஒரு போல்ட்டையாவது சொந்தக் கையால் கழற்றியவனுக்குத்தான் அவர் கூலியின் நியாயம் புரியும். கொல்லை வேலைக்கு வருகிறவர் விஷயத்திலும் இதுதான். மே மாத வெயிலில் ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடித்தவன் கூலியைக் குறைத்துப் பேச மாட்டான், "வாடா" என்றும் கூப்பிட மாட்டான்.

மூன்றாவது: "படிக்கவே நேரமில்லை." கைப்பேசியில் பைக் வீடியோ பார்க்க மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது?

ஆயுத பூஜைக்கு முன்னால்

வருடத்தில் ஒரே ஒரு நாள் இந்த ஊர் நியாயமாக நடந்துகொள்கிறது. ஆயுத பூஜை அன்று வண்டிக்கும் சந்தனம், மண்வெட்டிக்கும் சந்தனம், அரிவாளுக்கும் அதே குங்குமம். மறுநாள் காலை வண்டி வாசலுக்கு வந்துவிடும், மண்வெட்டி மூலைக்குப் போய்விடும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அந்த நாட்களை ஒட்டித்தான். பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள். அந்தக் கையைக் கழுவாமலேயே பின்பக்கம் போங்கள். மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்து மண்ணை அள்ளுங்கள். பழைய டயரை மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள், தேங்காய் ஓட்டைக் கவிழுங்கள், மட்டையை இழுத்துப் போடுங்கள். தங்கச்சியைக் கூப்பிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டுங்கள். அடுத்த முறை அவளே கழற்றட்டும். அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து காபி குடிக்கட்டும்.

இதைக்கூடச் செய்ய முடியாதவர்கள் தயவுசெய்து மேடையில் ஜி.டி.நாயுடு கதையைச் சொல்லாதீர்கள்.