மழைநீர் வடிகாலும் அதன் முடிவிடமும்

மழை பெய்யாவழிக் குடிநீருக்கு ஏங்குதலும், பெய்தவழி வீதியில் தேங்கிய நீரைக் கண்டு வருந்துதலும் சென்னை மாநகர மாந்தர்க்கு வழக்கமாயின. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, நீர் வண்டிகளை எதிர்நோக்கிக் குடமேந்தி நின்ற இந்நகரமே, 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளின் பருவமழையில் நீருள் அமிழ்ந்தது. இவ்வெள்ளத்தைப் போக்குதற்கு மழைநீர் வடிகால்களைப் பெருக்குதலே வழியென்று பலரும் கூறுகின்றனர். அக்கூற்று உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. ஒரு வடிகாலின் பயனை அதன் நீளங்கொண்டு அளத்தல் தகாது. அஃது எங்கே சென்று முடிகின்றது, அம்முடிவிடத்தில் வாழ்வார் யாவர் என்பன கொண்டே அளத்தல் வேண்டும். ஈண்டு யான் வற்புறுத்த விழைவது இதுவே.

முதற்கண் வடிகாலின் இயல்பினை அறிதல் நலம். குழாயொன்றின் விட்டத்தை இருமடங்காக்கின், அதே சாய்வில் அஃது ஆறு மடங்கிற்கு மேற்பட்ட நீரைக் கொண்டு செல்லும். ஆதலின், பழைய சிறு வடிகாலைப் பெயர்த்தெடுத்துப் பெரியதாக அமைத்தலால் விளையும் நன்மை பெரிதேயாம். ஆனால், சாய்வு நான்கிலொரு பங்காகக் குறையின் நீரோட்டமும் பாதியாகக் குறைந்துவிடும். சென்னையோ கடலையொட்டிக் கிடக்கும் தட்டை நிலம். சாய்வு பெறுதற்கரிய இத்தகைய இடத்தில், வண்டலும் குப்பையும் சிறிதே திரண்டாலும் நீர் தயங்கிப் பின்னோக்கி ஏறும்.

இனி, வடிகால் சுமக்க வேண்டிய நீரின் அளவைக் காண்போம். மாநகராட்சியின் எல்லை 2011-ஆம் ஆண்டில் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்பரப்பின்மீது 100 மில்லிமீட்டர் மழை பெய்யின், அந்நீர் 4,260 கோடி லிட்டராகும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கினும் இது சற்று மிகுதி. 2015 டிசம்பர் முதல் நாளையொட்டிய ஒருநாட் பொழுதில் தாம்பரத்தில் பெய்ததோ ஏறத்தாழ 490 மில்லிமீட்டர். அத்துணை மழையையும் உடனுக்குடன் விழுங்கவல்ல வடிகாலை அமைத்தல் எந்நகரத்திற்கும் அரிது. எனவே, நீரைச் சிலகாலம் தாங்கி நிற்க ஓரிடமும், பின்னர் அது தடையின்றிச் செல்ல ஒரு வழியும் இன்றியமையாதன.

தாங்கி நின்ற இடங்களை நாம் யாது செய்தோம்? மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராயநகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்து ஏரியும் பின்னாளில் மறைந்தது. ‘லேக் ஏரியா’ என்னும் பெயர் மட்டும் எஞ்சி நிற்கின்றது. இன்று அப்பகுதிகளின் மழைநீர் மாம்பலம் கால்வாய் வழியாகச் சென்று நந்தனத்தருகே அடையாற்றிற் கலத்தல் வேண்டும். அக்கால்வாய் குறுகியோ அடைபட்டோ கிடப்பின், வீதிதோறும் எத்துணைப் பெரிய வடிகால் அமைத்தும் பயன் என்னை? 2021 நவம்பரில் தியாகராயநகர் நீருள் நின்றமையை மறந்திரோம். அவ்வாறே, நகரின் வடிகால்கள் பல சென்று சேரும் பக்கிங்காம் கால்வாயின் உள்ளேயே பறக்கும் இரயிற் பாதையின் தூண்கள் நாட்டப்பட்டுள்ளன. நீர்வழியிலேயே தூண்களை நிறுத்திவிட்டு, நீர் வடியவில்லையே என்று வருந்துதல் பொருந்துமோ?

இவற்றினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. வடிகால் நீரை அழிப்பதன்று; ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு அனுப்புவதே அதன் தொழில். மேட்டு வீதியில் ஒரு மணி நேரத்தில் வடிந்த நீர், பள்ளத்து வீதியை அதே ஒரு மணி நேரத்தில் சென்றடைகின்றது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயிற் புகுந்து, கோவளத்தருகே கடலிற் கலக்கின்றது. இந்நீர்வழியைச் சார்ந்த தாழ்நிலங்களாகிய செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலுமே, நகரினுள் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த ஏழை மக்கள் பல்லாயிரவர் குடியமர்த்தப்பட்டனர். வெள்ளத்திற்குத் தப்புவிக்கவென்று கரையினின்று அகற்றப்பட்டவர், வெள்ளம் வந்து சேரும் இடத்திலேயே வைக்கப்பட்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையின் தாழ்நிலங்களில் நீர் பல நாள் தேங்கிநின்றது. மேலேயுள்ளார் வடிகாலை மட்டும் பெரிதாக்கி, கீழே செல்வழியை விரிவாக்காது விடுவது, நம் வாயிலின் குப்பையை அயலான் வாயிலிற் பெருக்கித் தள்ளுவதனோடு ஒக்கும்.

அற்றேல், வடிகாலுக்குச் செலவிடும் பொருள் வீணோ எனின், அன்று. 2021-க்குப்பின் அமைக்கப்பட்ட புதிய வடிகால்களால் அடுத்த ஆண்டு மழையில் வீதிகள் பல விரைந்து வடிந்தன. ஏரிகளை மீட்டாற் போதும், வடிகால் வேண்டா என்பாரும் உளர். தூர்த்த ஏரியின்மேல் எழுந்த வீடுகளையெல்லாம் இனிப் பெயர்த்தல் இயலாதாகலின், அவர் கூற்றும் நிரம்பாது. வடிகாலும் வேண்டும், எஞ்சிய ஏரியும் சதுப்பும் காக்கப்படவும் வேண்டும். ஆனால் பணியின் முறை மாறுதல் வேண்டும். முகத்துவாரத்து மணல் திட்டினை அகற்றுதல் முதலாவது; பெருங்கால்வாய்களை அகலமும் ஆழமும் உடையனவாக்குதல் இரண்டாவது; வீதி வடிகால் மூன்றாவது. கடலினின்று தொடங்கி மேல்நோக்கி வருதலே தக்க நெறி.

தூய்மை பேணுதலும் அமைத்தலை ஒத்த கடமையாகும். மழைநீருக்கென அமைத்த வடிகாலில் வீட்டுக் கழிவுநீரைக் களவாக இணைப்பார் பலர். அதனால் வடிகால் ஆண்டு முழுதும் சேற்றால் நிறைந்து, மழைக்காலத்தில் பயன்படாது போகின்றது. அச்சேற்றை அள்ள மனிதரை இறக்கும் கொடுமையும் இதனால் விளைகின்றது. சாக்கடைக் குழிகளுட் காப்புக் கருவியின்றி மனிதரை இறக்குதலை 2013-ஆம் ஆண்டின் சட்டம் விலக்கியுள்ளது. களவாக இணைப்போர் இதனை எண்ணுதல் வேண்டும். தோண்டுதலும் தூர்வாருதலும் ஐப்பசி பிறக்குமுன் முடிதல் வேண்டும். 2022 அக்டோபரில், மூடாது விட்ட வடிகாற் பள்ளத்தில் வீழ்ந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் உயிர் நீத்தார். காலந்தாழ்த்தலின் விலை உயிராகவும் அமையும் என்பதற்கு இஃதொன்றே சாலும்.

தமிழ் பயில்வானுக்கு வடிகாலைப் பற்றிய கவலை எதற்கு என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். ஏரி, குளம், தாங்கல், ஏந்தல், மடு, மதகு, கலங்கல் என நம் மொழி நீர்நிலைக்கும் அதன் உறுப்புக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கின்றது. அவற்றுள் கலங்கல் என்பது ஏரி நிறைந்தவழி மிகுநீர் போகும் வாயில். ஏரி கட்டியோர் நீரை நிறுத்தக் கரை எழுப்பும்போதே, மிகுநீர் செல்லக் கலங்கலையும், அஃது அடுத்த ஏரியை அடையக் காலையும் அமைத்தனர். நாமோ சொல்லைக் காத்துப் பொருளை இழந்தோம்.

மாணாக்கத் தோழர்களே, நும் வீதியில் புதிதாக வடிகால் அமைப்பாராயின் மகிழ்க; ஆயின் மகிழ்ச்சியோடு அமையாது, இந்நீர் எங்கே செல்கின்றது, அங்கே யாவர் வாழ்கின்றனர் என்னும் இரு வினாக்களை அதிகாரிகளிடம் வினவுக. விடை கிடைக்கும்வரை வினவுக.