கெம்பஸ் பிள்ளைக்கும் உண்டு செக்ரோல்

"கெம்பசுல என்ன வேல, நெழல்ல குந்திக்கிட்டு படிக்கிறதுதானே" என்ற பேச்சை லயத்தில் கேட்காதவர் இருக்க முடியாது. பிள்ளை காசு கேட்டு போன் எடுக்கும் மாதக் கடைசியில் இந்தப் பேச்சு கொஞ்சம் கூடும். பேசுபவர்கள் கெட்டவர்கள் அல்ல. இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மழையில் நிரை பிடித்துவிட்டு வருபவருக்குப் புத்தகம் பிடிப்பது வேலையாகத் தோன்றாதுதான். கெம்பஸ் படிப்பும் கொழுந்து பறிப்பதும் ஒரே மாதிரி என்று சொன்னால் இரண்டு பக்கமும் சிரிக்கும். சிரிக்கட்டும், நான் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் பேர். எமக்குப் பெரட்டும் செக்ரோலும் என்றால், விரிவுரை மண்டபத்தில் கையெழுத்துத் தாள் சுற்றி வரும். 2013 கூட்டு ஒப்பந்தத்தில் 140 ரூபா வரவுக் கொடுப்பனவு இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்திருந்தால்தான் அது கிடைக்கும். 2016இல் அதை 60 ரூபா ஆக்கி, 2019இல் இல்லாமலே செய்தார்கள். பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கேட்பது 80 வீத வரவு. நாம் 75க்குக் கீழே போனபோது அந்தக் கொடுப்பனவுதான் போனது, உழைத்த நாளுக்குச் சம்பளம் நின்றது. பிள்ளை 80க்குக் கீழே போனால் அந்தப் பாடத்தின் பரீட்சைக்கே உட்கார முடியாமல் போகும். அங்கே அரைப்பேர் கூடக் கிடையாது.

அடுத்தது கிலோ. 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 2021இல் ஆயிரம் ரூபா வந்ததும் பல தோட்டங்களில் கிலோவை ஏற்றிய கதை எமக்குத் தெரிந்ததே. பிள்ளைக்கு அசைன்மென்ட். ஒவ்வொரு விரிவுரையாளரும் தன் பாடம் ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது என்ற நினைப்பில் கொடுப்பார்.

ஆனால் எம் பிள்ளைகளை உண்மையில் விழுத்துவது கிலோ அல்ல, தராசு. கொழுந்து மடுவத்தில் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கிறார்களே, அதே கழிவு அங்கேயும் இருக்கிறது. உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, விஞ்ஞானமோ முகாமைத்துவமோ எடுத்துப் போனதும் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. விடை அதன் தலையில் தமிழில் முழுதாக இருக்கும். தாளில் இறங்கும்போது பாதிதான் இறங்கும். மார்க்ஸ் அந்தப் பாதிக்குத்தான். இருபது கிலோ பறித்தவளுக்குப் பதினாறு எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எமக்காவது முள் நிற்பது கண்ணுக்குத் தெரியும். பிள்ளைக்குத் தன் நிறை எவ்வளவு என்று தெரிய மாதக்கணக்காகும். வகுப்பில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் வருடத்தில் சோர்ந்துபோகும் பிள்ளைகள் பலர் மொழியில்தான் சோர்கிறார்கள், மூளையில் அல்ல.

கங்காணியும் உண்டு. சீனியர் என்று பெயர். பகிடிவதையைத் தடுக்க 1998இலேயே சட்டம் வந்துவிட்டது, அது முழுதாக ஒழிந்தபாடில்லை.

சம்பளம்? மகாபொல. ஐயாயிரமாகக் கிடந்த மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7500 ரூபா ஆனது. 2024இல் வந்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் ஆறு நாள் பேருக்குக்கூட அது வராது. போர்டிங், சாப்பாடு, பஸ், போட்டோ கொப்பி எல்லாம் அதற்குள். மிச்சம் அம்மாவின் கைக்காசில் இருந்து போகிறது.

பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் அங்கே பாடம். எம் பிள்ளை ஒன்று அங்கே போனால், அம்மா கையால் தெரிந்து வைத்திருப்பதை அது ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

ஒப்பீடு ஒரு இடத்தில் மட்டும் ஒத்துவராது. தராசில் அநியாயம் நடந்தால் நாம் தலைவரிடம் சொல்கிறோம். தலைவர் ஒபீசுக்குப் போகிறார், கேட்கவில்லை என்றால் மலையே இறங்கி நிற்கிறது. கெம்பஸ் போன பிள்ளை தனியாக நிற்கிறது. மாணவர் ஒன்றியங்கள் இருந்தாலும், அம்மா கொழுந்து பறிக்கிறார் என்று சொல்லவே கூசும் முதல் வருடப் பிள்ளை அங்கே போய் எதைக் கேட்கும்?

இதில் சங்கத்துக்கும் பங்கு இருக்கிறது. பெறுபேறு வந்த கிழமை பொன்னாடை போர்த்துகிறோம், பெனர் கட்டுகிறோம், தலைவர்களோடு படம் பேஸ்புக்கில் வருகிறது. அதே பிள்ளை ஒன்றரை வருடத்தில் படிப்பை விட்டுக் கொழும்பில் ஒரு கடையில் நின்றால் கிளைக் கமிட்டியில் யாருக்கும் தெரியாது. உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கப் பெற்றோரின் சம்பளக் கடிதம் தேவை. அந்த ஒரு கடிதத்துக்காக ஒரு தாய் பேரை இழந்து மூன்று தடவை தோட்டக் காரியாலயத்து வாசலில் நிற்பதை நாம் தனிப்பட்ட விசயமாகவே பார்க்கிறோம். தண்ணீர்க் கழிவு சங்கப் பிரச்சினை என்றால் இதுவும் சங்கப் பிரச்சினைதான்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது தலைவர்களும் மாதர் தலைவிகளும் தங்கள் டிவிசனில் கெம்பசிலும் கல்வியியல் கல்லூரியிலும் இருக்கும் பிள்ளைகளின் பெயரை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த வருடம், என்ன பாடம், உதவிப் பணம் கிடைக்கிறதா என்பது போதும். இடையில் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயரையும் விடாமல் எழுதுங்கள்.