பெட்டியில் எழுதிய வேகமும் வீட்டுக்கு வரும் வேகமும்

பிரித்தானியாவில் எம்மவர் குடும்பங்கள் பல, வீட்டு இணையத்துக்கு சிம் போடும் மொடெத்தையே நம்பியிருக்கின்றன. காரணம் விளங்கக்கூடியதுதான். கம்பி இணைப்புக்குப் பெரும்பாலும் 18 அல்லது 24 மாத ஒப்பந்தம் கேட்கிறார்கள். அடுத்த வருடம் இதே அறையில் இருப்போமா என்று தெரியாத நாங்கள் அதில் எப்படிக் கையெழுத்திடுவது? அதேவேளை வதிவிட அட்டைகளில் பெரும்பாலானவை 2024 இறுதியோடு காலாவதியாகி, எங்கள் குடிவரவு நிலையே இணையக் கணக்குக்குப் போய்விட்டது. யுனிவர்சல் கிரெடிட்டும் அங்கேதான். இணைப்பு விழுந்தால் நிற்பது நாடகம் மட்டுமல்ல.

4ஜி மொடெப் பெட்டிகளில் '150 மெகாபிட்' என்று போட்டிருப்பார்கள். அது அந்தக் கருவியின் உச்ச வரம்பு. கணக்கெழுதும் எங்களுக்கு இது பழக்கமான விடயம்: மொத்த விற்பனையைக் காட்டுகிறார்கள், தேறிய இலாபத்தை அல்ல. அதுவும் பிட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆக, முழு வேகம் வந்தாலும் செக்கனுக்கு 19 மெகாபைட்டுக்கும் குறைவே.

முழு வேகம் வராததற்கு முதற்காரணம் பங்கீடு. கோபுரம் ஒரு திசைக்கு அனுப்பும் அலைக்கற்றையை அத்திசையிலுள்ள எல்லா வீடுகளும் பிரித்துக்கொள்கின்றன. இரவு 8 மணிக்கு ஊரே இணையத்தில் இருக்கும். அடுத்தது சுவர். 800 மெகாஹேர்ட்ஸ் அலை செங்கல்லை ஓரளவு ஊடுருவும். 5ஜி அதிகம் தங்கியிருக்கும் 3.4 முதல் 3.8 கிகாஹேர்ட்ஸ் அலைகள் நிறையத் தரவைச் சுமந்தாலும், சுவரிலும் உலோகப்பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி யன்னலிலும் பெரிதும் வலுவிழந்துவிடும்.

எது உங்கள் வீட்டுப் பிரச்சினை என்று அறிய, வேகத்தை விடியற்காலையிலும் இரவு 9 மணிக்கும் அளந்து பாருங்கள். காலையில் நன்றாகவும் இரவில் மந்தமாகவும் இருந்தால் அது நெரிசல். மொடெத்தை எங்கே வைத்தாலும் பெரிதாக மாறாது. எந்நேரமும் மந்தமென்றால் பெரும்பாலும் சமிக்ஞைக் குறைபாடு. தொலைக்காட்சிக்குப் பின்னால் கிடக்கும் மொடெத்தை மேல்மாடி யன்னலோரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

தரவேற்றத்தையும் பாருங்கள். விளம்பரத்தில் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. கோபுரம் பல வாட் வலுவில் பேச, மொடெம் திருப்பிப் பேசுவது ஏறத்தாழ 0.2 வாட்டில். அதனால்தான் யாழ்ப்பாணத்திலுள்ள அம்மாவின் முகம் இங்கே தெளிவாகத் தெரியும்போதும், பேரப்பிள்ளைகளின் முகம் அங்கே உறைந்து நிற்கிறது.

கம்பி இணைப்புக்காரருக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. முன்பு வாடிக்கையாளரில் 10 வீதமானோருக்குக் கிடைத்தாலே ஒரு வேகத்தை விளம்பரப்படுத்தலாம். 2018 மே முதல், இரவு 8 முதல் 10 மணிவரை அரைவாசிப் பேருக்காவது கிடைக்கவேண்டும். ஒஃப்கொம் நெறிக்கோவையை ஏற்ற கொம்பனிகள், உறுதியளித்த குறைந்தபட்ச வேகத்தை 30 நாட்களுக்குள் தராவிட்டால், அபராதமின்றி வெளியேற விடவேண்டும். அந்த நெறிக்கோவை சிம் மொடெத்துக்குப் பொருந்தாது. எங்கள் பார்வையில் இது அநீதி. கம்பிக்கு வழியில்லாதவருக்கே பாதுகாப்பும் இல்லை.

எஞ்சியிருப்பது 14 நாள் விலகல் உரிமை. அது இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கினால் சட்டப்படி உண்டு; கடைக்குப் போய் வாங்கினால் அப்படியில்லை, கடைக்காரர் விரும்பினால்தான். பாவித்த நாட்களுக்குக் கட்டணம் கேட்கலாம். ஆகவே தெருமுனைக் கடையில் ஒப்பந்தம் எழுதாமல் இணையத்தில் வாங்குங்கள், முதல் வாரமே இரவு 8 முதல் 10 மணிக்குள் நாலைந்து தடவை அளந்து குறித்துவையுங்கள், சரிவராவிட்டால் 14ஆம் நாளுக்கு முன் எழுத்தில் அறிவியுங்கள்.